சகடை, வண்டு, கோள்மூட்டி

மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை, அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டிய அந்தப் பாதை, வடமேற்கைப் பார்த்துக் கிடக்கிறது. அந்தப் பக்கமாக விமானம் இறங்கும் நாட்களில் மாங்காடு, பூந்தமல்லி வானம் பரபரப்பாகிவிடும். சக்கரத்தை இறக்கிக்கொண்டு தாழ வருவதை மொட்டை மாடியில் நின்றால் நன்றாகப் பார்க்கலாம். அப்படி ஒரு மாலையில், காய்ந்த துணியை எடுக்க மேலே வந்த பக்கத்து வீட்டு அக்கா, விசிறி சுழலும் சிறிய விமானம் ஒன்று மெல்ல நகர்ந்து போவதை அண்ணாந்து பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"உது சகடை மாதிரியெல்லோ போகுது, தம்பி."

"சகடையா? அது என்னக்கா?"

"உங்களுக்கு விளங்காது. ஆமிக்காரற்ற பிளேன் ஒண்டு. மாட்டு வண்டி மாதிரி ஆடி அசைஞ்சு வரும். மேலையிருந்து குண்டை உருட்டி விடுவாங்கள். சத்தம் கேட்டாலே நாங்கள் பங்கருக்குள்ளை போயிடுவம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். குண்டு போட்ட விமானத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒருவர் சிரிக்க முடிகிறது என்பது அன்று எனக்கு வியப்பாக இருந்தது. யோசிக்க யோசிக்க, அந்தச் சிரிப்புக்குக் காரணம் அந்தப் பெயர்தான் என்று தெளிவானது.

சகடம், சகடு, சகடை எல்லாமே வண்டியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள். 1980களிலும் 90களிலும் இலங்கை விமானப்படை, ஆளையும் சரக்கையும் ஏற்றிச்செல்லக் கட்டிய விமானங்களைக் குண்டு போடவும் பயன்படுத்தியது. அவை வேகமாகப் பறக்கக் கட்டப்பட்டவை அல்ல. தொலைவிலேயே உறுமல் கேட்கும். வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கிவிடலாம். இவ்வளவையும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது 'சகடை'. கேலியும் அதில் இருக்கிறது, உயிர் பிழைக்கும் கணக்கும் இருக்கிறது.

அந்த வானத்தில் திரிந்த மற்றவற்றுக்கும் பெயர்கள் இருந்தன. மேலே வட்டமிட்டு வேவு பார்த்துவிட்டுப் போகும் சிறிய விமானம் 'கோள்மூட்டி'. அது வந்து போனால் பின்னாலேயே குண்டு வரும் என்று ஊருக்குத் தெரியும். அங்கே கண்டதை இங்கே வந்து சொல்லிக் குடும்பத்தைக் கலைக்கும் ஆளைத் தமிழன் எப்படி அழைப்பானோ, அப்படியே அந்த இயந்திரத்தையும் அழைத்தான். ஆளில்லாமல் ரீங்கரித்தபடி மணிக்கணக்கில் தலைக்கு மேல் நின்ற வேவு விமானம் 'வண்டு'. குண்டு போடும் எதுவும் பொதுவில் 'பொம்மர்'. இத்தாலியிலிருந்து வாங்கிய சியாய் மார்க்கெட்டி என்ற பயிற்சி விமானத்தில் குண்டையும் ராக்கெட்டையும் மாட்டிப் பறக்கவிட்டபோது, அந்தப் பெயர் மக்கள் வாயில் 'சியாமாசெட்டி' ஆனது. எங்கோ ஒரு தெருவில் கடை வைத்திருக்கும் செட்டியாரைப் போல ஒலிக்கிறது அது. அந்நியமான ஒன்றை அறிந்த ஒன்றாக ஆக்கிக்கொண்டால் பயத்தை ஒரு கைப்பிடிக்குள் அடக்கலாம் என்பதை யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை.

1996இல் இஸ்ரேலிலிருந்து கிபிர் வந்தது. எபிரேய மொழியில் அந்தச் சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள். நான் கேட்டவர்கள் எவரும் அதற்குத் தமிழில் ஒரு கேலிப்பெயர் சொல்லவில்லை. எல்லாருக்கும் அது கிபிர்தான். ஏன் என்று எனக்குப் படுவதைச் சொல்கிறேன். சகடையைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது, ஏனென்றால் அதிலிருந்து தப்ப முடிந்தது. கிபிர் அந்த இடைவெளியைக் கொடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் மக்களும் இதையேதான் செய்தார்கள். 1944இல் ஜெர்மனி ஏவிய, விமானி இல்லாத வி-1 குண்டுக்கு அவர்கள் ஒரு பூச்சியின் பெயரை வைத்தார்கள். ரீங்காரம் கேட்கிறவரை ஆபத்தில்லை, ரீங்காரம் நின்றால் தரையில் படு என்பது அங்கே பிள்ளைகளும் அறிந்த பாடம். வன்னியின் வண்டும் லண்டனின் பூச்சியும் ஒருவரையொருவர் அறியாத மனிதர்கள் ஒரே காரணத்துக்காக வைத்த பெயர்கள். ரஷ்யாவின் போ-2 என்ற இரட்டை இறக்கை விமானம் இரவில் தடதடவென்று வந்து குண்டு போட்டுவிட்டுப் போகும். அதற்கு ஜெர்மன் சிப்பாய்கள் வைத்த பெயர் தையல் மெஷின். வீட்டுக்குள் கேட்ட ஓசையைக் கொண்டுதான் மனிதன் வானத்து ஓசையை அடையாளம் காண்கிறான்.

அதிகாரபூர்வப் பெயர்களின் கதை வேறு. அவற்றை வைப்பது வாங்குகிறவர்கள். நம் விமானப்படையில் இலியூஷின்-76 'கஜராஜ்', ஜாகுவார் 'ஷம்ஷேர்', மிராஜ்-2000 'வஜ்ரா', மிக்-29 'பாஸ்'. கம்பீரமான பெயர்கள்தாம், குறை சொல்லவில்லை. ஆனால் யானை என்றும் வாள் என்றும் இடி என்றும் சொல்லும் பெயர், இயந்திரம் எப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறது. அது எப்படி இருக்கிறது என்று சொல்வது பட்டப்பெயர். ஏர் இந்தியா தன் 747 விமானங்களுக்குப் பேரரசர்களின் பெயரைச் சூட்டியது. 1971இல் வந்த முதலாவது பேரரசர் அசோகர். பின்னால் வந்தவற்றில் ஒன்று ராஜேந்திர சோழன். கடல் கடந்து கடாரம் வரை படை நடத்தியவனின் பெயர் வானத்தில் பறந்தது. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அது தெரிந்தது? நமக்கு அது ஜம்போ. ஒரு யானையின் பெயர் சோழப் பேரரசனை முந்திவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும், பார்த்த மாத்திரத்தில் வாயில் வருவது எதுவோ அதுவே நிற்கும் என்பதை மறுக்க முடியாது.

சில சமயம் நிறுவனங்களே தோற்றுப்போய் ஒப்புக்கொள்ளும். 2022 ஜூலையில் சென்னை விமான நிலையத்தில் எரிபொருள் நிரப்ப ஒரு விசித்திர விமானம் இறங்கியது. மேலே புடைத்த நெற்றி, கீழே ஒடுங்கிய மூக்கு. மற்ற விமானங்களின் பாகங்களைச் சுமப்பதற்கென்றே ஏர்பஸ் கட்டியது அது. நிறுவனம் முதலில் வைத்த பெயர் சூப்பர் டிரான்ஸ்போர்ட்டர். பார்த்தவர்கள் பெலுகா என்றார்கள். வடதுருவக் கடல்களில் வாழும் வெள்ளைத் திமிங்கலம் அது. பிறகு நிறுவனமும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த பெரிய விமானத்துக்கு அதிகாரபூர்வமாகவே பெலுகா என்று பெயர் வைத்து, மூக்கில் கண்ணும் வாயும் வரைந்து அனுப்பினார்கள்.

ஆனால் எல்லாப் பட்டப்பெயரும் நியாயமானது அல்ல. மிக்-21ஐ எடுத்துக்கொள்வோம். 1963இல் நம் படைக்கு வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அறுபத்திரண்டு ஆண்டுகள். ரஷ்யர்கள் அதன் முக்கோண இறக்கையைப் பார்த்துத் தங்கள் நாட்டு நரம்பிசைக் கருவியின் பெயரால் பலலைக்கா என்றார்கள், அன்பான பெயர். நாம் 'பறக்கும் சவப்பெட்டி' என்றோம். அதில் ஏறிப் பறந்தவர்கள் வைத்த பெயரல்ல இது. செய்தித்தாளில் பரவிய பெயர். ஏராளமான இளைஞர்கள் அதில் இறந்தது உண்மை. ஆனால் ஏன் இறந்தார்கள்? வேகம் குறைந்த பயிற்சி விமானத்திலிருந்து நேராக இந்த வேகத்துக்குத் தாவவேண்டியிருந்தது. இடையில் உயர்நிலைப் பயிற்சி ஜெட் ஒன்று வேண்டும் என்று விபத்துகளை ஆராய்ந்த லா ஃபோன்டெய்ன் குழு 1982இலேயே சொன்னது. அப்படியொரு ஜெட்டான ஹாக் படையில் சேர்ந்தது 2008இல். இருபத்தாறு ஆண்டுகள் கோப்புகள் நகர்ந்த கதையை அந்தப் பெயர் மூடி மறைத்தது. பழியை இயந்திரம் சுமந்தது. அதே விமானத்தின் மேம்பட்ட வடிவில்தான் 2019 பிப்ரவரியில் தமிழரான அபிநந்தன் வர்த்தமான் எல்லையைத் தாண்டிச் சண்டையிட்டார்.

அதற்கு நேர்மாறாக ஒன்று உண்டு. நாட் என்றால் ஆங்கிலத்தில் கொசு போன்ற சிறு பூச்சி. பிரிட்டனில் உருவான அந்தச் சிறிய போர் விமானத்துக்குத் தயாரித்தவர்களே வைத்த பெயர் அது; பெங்களூரிலும் அதைக் கட்டினோம். 1965 போரில் அது பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியபோது நம்மவர்கள் அதைச் சேபர் கொல்லி என்றார்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே தனியாக நின்று போரிட்டு இறந்த நிர்மல்ஜித் சிங் செகோன் ஓட்டியதும் நாட்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. எளிய பெயருக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்?

இதையெல்லாம் எழுத எனக்கு நெருக்கமான காரணம் நான் இருக்கும் நிலம். சென்னையின் மேற்கு ஓரம் முழுக்கவே இயந்திரங்களின் ஊர். ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை தொடங்கியது. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. முத்தாபுதுப்பேட்டையில் விமானப்படை வளாகம். சற்று வடக்கே, உலகப் போருக்காகப் போட்ட சோழவரம் ஓடுதளம் பிறகு மோட்டார் பந்தயத் திடலாக மாறியது. தேஜஸ் போர் விமானத்தின் துணைக்கருவிகளை இயக்கும் கியர் பாக்ஸ், டாங்கிகளுக்கென்று அமைந்த ஆவடி ஆய்வகத்தில் உருவானது என்பது ஆவடியிலேயே பலருக்குத் தெரியாது.

இந்த ஊரின் பெயரையே ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். ஆவடி என்பது 'ஆர்மர்டு வெகிக்கிள்ஸ் அண்ட் டெப்போ ஆஃப் இந்தியா' என்பதன் முதலெழுத்துகள் என்று இங்கே பள்ளிப் பிள்ளையும் சொல்லும். 1955 ஜனவரியில் காங்கிரஸ் இங்கே கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டபோதே இது ஆவடிதான். டாங்கித் தொழிற்சாலை வர இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. அந்த விரிவு பிறகு பொருத்திப் பார்த்தது. தவறு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சைரன் ஒலிக்குச் சைக்கிளில் கிளம்பி, சைரன் ஒலிக்கு வீடு திரும்பிய ஒரு தலைமுறை தன் உழைப்பை ஊர்ப்பெயருக்குள் எழுதிவைத்த முறை அது.

சென்னைக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. அடுத்த நாளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். பயம் போனபின் பெயர் தங்கியது. கெட்டிக்காரன், கண்டிப்பானவன், ஏய்ப்பதில் வல்லவன் எல்லாரும் எம்டன் ஆனார்கள். 2006இல் ஒரு திரைப்படத்துக்கு 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்து, பிறகு 'எம் மகன்' என்று மாற்றினார்கள். தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும் கண்டிப்பான அப்பாவைக் குறிக்க அந்தக் கப்பல் தேவைப்பட்டது. இயந்திரத்துக்கு மனிதப் பெயர் வைத்த ஈழத்து ஊர்களும், மனிதனுக்கு இயந்திரப் பெயர் வைத்த சென்னையும் ஒரே மொழியின் இரண்டு கைகள்.

எம்டனை அகராதி ஏற்றுக்கொண்டது. சகடையும் கோள்மூட்டியும் வண்டும் விமானங்களின் பெயராகவும் அங்கே இடம்பெற வேண்டும் என்பது என் கோரிக்கை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் பேரகராதி போட்ட ஊர் இது. இலங்கைத் தமிழ் வழக்கைத் தனிக் குறியிட்டுச் சேர்த்துக்கொண்ட க்ரியா அகராதியும் இங்கிருந்துதான் வந்தது. வழி இருக்கிறது. சொற்களைச் சேகரிக்க ஆள்தான் வேண்டும்.

ஆவடியில் ஓய்வு பெற்ற விமானப்படைத் தொழில்நுட்பர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு இயந்திரத்தையும் தங்களுக்குள் என்ன பெயர் சொல்லித் திட்டினார்கள், என்ன பெயர் சொல்லிக் கொஞ்சினார்கள் என்று அவர்களைக் கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். புழல் காவாங்கரை முகாமிலும், வளசரவாக்கம், போரூர் வீடுகளிலும் ஈழத்து முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மெதுவாகக் கேளுங்கள். சில பெயர்கள் சிரிப்போடு வரும், சில வராமலே போகலாம், வற்புறுத்த வேண்டாம். பெயர் என்ன, எந்த விமானம், எந்த ஊரில் சொன்னார்கள், எந்த ஆண்டு என்று நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். 1990இல் நாற்பது வயதாக இருந்து, பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கிவிட்ட அம்மாக்களுக்கு இப்போது வயது எழுபத்தைந்துக்குக் குறையாது.