நிறுத்திய காரை இடித்து விட்டு எகிறும் டிரைவர்கள்: நஷ்டத்தை வாங்குவது எப்படி?

சென்னை,

தெருவோரம் ஒழுங்காக நிறுத்தி வைத்த கார். கடைக்கு போய் திரும்புவதற்குள் பின்கதவு ஒடுங்கி, பம்பர் தொங்குகிறது. இடித்தவர் ஓடி விட்டால் ஒரு கதை. நின்று கொண்டே தகராறு செய்தால் அது தனி தலைவலி.

"ரோட்டுல நிறுத்தினா இடிக்கத்தான் செய்யும்", "என்ன சார், பட்டி பார்த்து பெயிண்ட் அடிச்சா போச்சு" என்பதில் தொடங்கி, 500 ரூபாய் நோட்டை நீட்டுவதில் முடியும். பட்டறையில் கேட்டால் பல ஆயிரம் சொல்கிறார்கள். பேர், போன் நம்பர், இன்சூரன்ஸ் விவரம் எதையும் தர மாட்டேன் என்று அவர் கிளம்பி விடுகிறார்.

சட்டம் இவர் பக்கம் இல்லை. மோட்டார் வாகன சட்டம் 134-வது பிரிவின்படி, அடுத்தவர் சொத்துக்கு சேதம் ஏற்படுத்திய டிரைவர், போலீஸ் கேட்டால் விவரம் சொல்ல வேண்டும். போலீஸ் அங்கு இல்லாவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து போலீஸ் நிலையத்தில் தகவல் கொடுக்க வேண்டும். தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மீறினால் 187-வது பிரிவில் 6 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். சில சமயம் இரண்டும்.

போலீஸ் நிலையத்தில்...

ஆனால் புகாருடன் போனால், "யாருக்கும் அடி இல்லையே, பேசி முடிச்சுக்குங்க" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. காரணம் இல்லாமல் இல்லை. தாறுமாறாக வண்டி ஓட்டும் வழக்குக்கு மனித உயிருக்கு ஆபத்து இருந்திருக்க வேண்டும். வேண்டுமென்றே சேதப்படுத்தியதாக வழக்கு போட உள்நோக்கம் வேண்டும். ஆள் இல்லாத காரில் ரிவர்சில் வந்து மோதியவர் இரண்டிலும் எளிதில் சிக்குவதில்லை. அதற்காக வெறுங்கையோடு திரும்பக்கூடாது. புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைப்பது அவசியம்.

வண்டி நம்பர் இருந்தால் போதும். எம்-பரிவாகன் செயலியில் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். உரிமையாளர் பெயர் அதில் பாதி மறைந்துதான் வரும். முழு விவரத்துக்கு சட்டத்தின் 160-வது பிரிவு இருக்கிறது. நஷ்டஈடு கேட்பவர் கட்டணம் கட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்திலோ போலீஸ் நிலையத்திலோ கேட்டால், தங்களிடம் உள்ள விவரத்தை அவர்கள் தந்தாக வேண்டும். இது பலருக்கும் தெரிவதில்லை.

போட்டோவும் முக்கியம். இரண்டு வண்டியும் நின்ற நிலையில், நம்பர் பிளேட் தெரிய எடுக்க வேண்டும். எதிர் வீட்டு கேமரா பதிவு சில நாளில் அழிந்து விடும் என்பதால் உடனே கேட்டு வாங்க வேண்டும்.

யாருக்கு தண்டம்?

இத்தனை அலைச்சல் எதற்கு, நம்ம இன்சூரன்சிலேயே வாங்கிக்கலாம் என்றுதான் பலர் முடிவு செய்கிறார்கள். அங்கேதான் அடி விழுகிறது. கிளைம் செய்தால் "நோ கிளைம் போனஸ்" போய் விடும். சொந்த சேத பிரீமியம் 12 ஆயிரம், 50 சதவீத தள்ளுபடி என்று வைத்துக் கொண்டால், அடுத்த ஆண்டு 6 ஆயிரம் ரூபாய் கூடுதலாக கட்ட வேண்டும். தள்ளுபடி 20, 25, 35, 45 என்று ஏறி பழைய இடத்துக்கு வருவதற்குள், பிரீமியம் மாறாமல் இருந்தால்கூட, மொத்தம் 15 ஆயிரம் கைவிட்டு போகும். 8 ஆயிரம் ரூபாய் வேலைக்கு இது நஷ்ட வியாபாரம். இடித்தவர் ஒருத்தர், தண்டம் கட்டுபவர் இன்னொருத்தர்.

வேடிக்கை என்னவென்றால், இடித்தவர் பயப்படவே தேவையில்லை. கார் பாலிசியில் மூன்றாம் நபர் சொத்து சேதத்துக்கு வழக்கமாக ஏழரை லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அதில் பணம் கொடுத்தாலும் அவருடைய போனஸ் குறையாது. போனஸ் சொந்த சேத பகுதிக்கு மட்டும்தான். இதை பக்குவமாக எடுத்து சொன்னால் எகிறுபவர்கூட இறங்கி வர வாய்ப்பு இருக்கிறது.

அப்படியும் மசியாவிட்டால் மோட்டார் வாகன விபத்து நஷ்டஈடு தீர்ப்பாயம். சென்னையில் சிறு வழக்குகள் கோர்ட்டே இந்த வேலையையும் பார்க்கிறது. சொத்து சேதத்துக்கும் அங்கு மனு போடலாம். 2022 ஏப்ரல் 1 முதல் அமலான திருத்தம், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு செய்ய சொல்கிறது. நோ பார்க்கிங்கில் நிறுத்தியிருந்தால் எதிர் தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.