லாபம் வந்தால்தான் ஆராய்ச்சியா?

ப்ளேஸ்மென்ட் சீசன் வந்தாலே மெக்கானிக்கல், இ.இ.இ. பசங்களோட வாட்ஸப் குரூப்புல ஒரே புலம்பல்தான். கோர் கம்பெனி ஏன் வரலை? வந்தாலும் ஏன் ரெண்டே பேரை எடுத்துட்டுப் போறாங்க, அதுவும் புரொடக்‌ஷன் ஷிஃப்ட் பார்க்க? டிசைன் வேலை எல்லாம் எங்கே போச்சு? இதுக்காக ப்ளேஸ்மென்ட் செல்லைத் திட்டுறோம், சிலபஸைத் திட்டுறோம். வருமான வரிச் சட்டத்தை யாரும் திட்டி நான் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையில் அதைத்தான் செய்யப்போறேன்.

டிசைன் வேலை வேணும்னா யாராவது புதுசா ஒண்ணை டிசைன் பண்ணணும். நம்ம நாட்டில் அரசு, தனியார் எல்லாம் சேர்த்து ஆராய்ச்சிக்குச் செலவு செய்வது ஜி.டி.பி.யில் 0.64 சதவீதம்தான். இது 2020-21 கணக்கு. தென்கொரியாவில் இது 4 சதவீதத்தைத் தாண்டும். இதைவிட முக்கியமான வித்தியாசம், அந்தப் பணத்தை யார் போடுறாங்க என்பதில் இருக்கு. அங்கே பெரும்பங்கு கம்பெனிகளோடது. இங்கே தனியார் துறையோட பங்கு மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அதாவது நமக்கு டிசைன் வேலை கொடுக்க வேண்டியவங்க அந்த வேலையையே அதிகமா செய்யறதில்லை.

சரி, கம்பெனி செலவு பண்ணலைன்னா அதுக்கு அரசாங்கம் ஏன் வரியைக் குறைக்கணும்? நியாயமான கேள்வி. கோயம்புத்தூர் பக்கம் பம்ப் தயாரிக்கிற ஒரு தெருவை எடுத்துக்கோங்க. ஒரு ஷெட்ல ஆறு மாசம் மண்டையை உடைச்சு, கரண்ட் கம்மியா இழுக்கிற இம்பெல்லர் ஒண்ணைக் கண்டுபிடிக்கிறாங்க. அதைச் செஞ்ச ஃபிட்டர் அடுத்த வருஷம் வேற இடத்துக்கு வேலைக்குப் போவார், இல்லைன்னா சொந்தமா ஷெட் போடுவார். சீக்கிரமே அந்த டிசைன் தெருவுக்கே தெரிஞ்சிடும். விவசாயிக்கு நல்ல பம்ப் கிடைக்கும், மின்வாரியத்துக்கு லோடு குறையும். செலவு பண்ணினவருக்கு மட்டும் அந்த லாபத்தில் ஒரு துண்டுதான் கிடைக்கும். அதனால் அவர் அடுத்த தடவை யோசிப்பார். அந்த யோசனையைப் போக்கத்தான் உலகம் முழுக்க அரசுகள் ஆராய்ச்சிச் செலவில் ஒரு பங்கை வரி மூலமா ஏத்துக்கிறாங்க. அமெரிக்காவில் இது 1981-லிருந்து இருக்கு.

இந்த உதவியில் ரெண்டு வகை உண்டு. ஒண்ணு டிடக்‌ஷன், இன்னொண்ணு கிரெடிட். டிடக்‌ஷன் என்றால் உங்க வருமானத்திலிருந்து செலவைக் கழிச்சுட்டு, மீதிக்கு வரி போடுவாங்க. கிரெடிட் என்றால் கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேரா ஒரு தொகையைக் கழிப்பாங்க. சில நாடுகளில் அந்தக் கிரெடிட் வரியைவிட அதிகமா வந்தா மீதியை காசாவே கையில் கொடுத்துடுவாங்க. ஓ.டி.க்கும் கிரேஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி வெச்சுக்கோங்க. ஓ.டி. லெட்டர் அட்டெண்டன்ஸ் கணக்கை மாத்தும், ஆனா ஆல் பாஸ் ஆக்காது.

இந்தியாவில் இருப்பது டிடக்‌ஷன். வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 35. (2026 ஏப்ரல் 1 முதல் 2025-ன் புதுச் சட்டம் வருது, நம்பர்கள் மாறும். ஆடிட்டர்கள் வாயில் பழைய நம்பர்தான் இருக்கு, நானும் அதையே சொல்றேன்.) இதில் பிரபலமானது 35(2ஏ.பி.). சொந்த வளாகத்திலேயே ஆராய்ச்சிப் பிரிவு வெச்சு, டெல்லியில் இருக்கிற டி.எஸ்.ஐ.ஆர். என்கிற அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் ஒப்புதல் வாங்கின கம்பெனிகளுக்கானது. 2010 பட்ஜெட்டில் இதை 200 சதவீதம் ஆக்கினாங்க. 10 லட்சம் செலவு பண்ணினா 20 லட்சம் செலவானதா கணக்குக் காட்டலாம். 30 சதவீத வரியில் 6 லட்சம் மிச்சம். சாதாரணச் செலவா இருந்தா 3 லட்சம்தான் மிச்சமாகும். இந்தச் சலுகை கிடைக்காத பொருட்களுக்கு ஒரு பட்டியலும் சட்டத்தில் இருந்தது. சாராயம், புகையிலை சரி, புரியுது. பற்பசையும் சாக்லேட்டும் என்ன பாவம் பண்ணுச்சுன்னு எனக்கு இன்னும் புரியலை.

2016 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி இதைப் படிப்படியா குறைக்கிறதா அறிவிச்சார். 2017-லிருந்து 150 சதவீதம், 2020-லிருந்து 100 சதவீதம். அதாவது கூடுதல் சலுகை காலி. கார்ப்பரேட் வரியையே குறைக்கிறோம், அதுக்குப் பதிலா இந்த மாதிரித் தனிச்சலுகைகளை எடுத்துடுறோம் என்பதுதான் சொன்ன காரணம். 2019 செப்டம்பரில் நிர்மலா சீதாராமன் அறிவிச்ச 22 சதவீத வரியை, சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17, ஒரு கம்பெனி தேர்ந்தெடுத்தா 35(2ஏ.பி.) பக்கமே போக முடியாது. ஆராய்ச்சி பண்ற கம்பெனிக்கும் பண்ணாத கம்பெனிக்கும் ஒரே ரேட்.

தொழில் சங்கங்கள் எல்லாம் 200 சதவீதத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு கேக்கிறாங்க. நான் அந்தக் கட்சி இல்லை. கொடுத்தா மறுபடியும் அது போய்ச் சேரும் இடம் பெரிய மருந்துக் கம்பெனியும் பெரிய கார் கம்பெனியும்தான். அவங்களிடம் ஏற்கனவே லேப் இருக்கு, லாபம் இருக்கு, டெல்லிக்கு ஃபைல் அனுப்ப ஒரு டிபார்ட்மென்ட்டே இருக்கு. சலுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவங்க புது மாடல் விட்டே ஆகணும். என் கவலை அவங்க இல்லை.

போன லீவில் நான் இன்டர்ன்ஷிப் போனது கோவையில் ஒரு சின்ன பம்ப் யூனிட். பதினாலு பேர் வேலை பார்க்கிற இடம். பார்ட்னர்ஷிப் ஃபர்ம். நான் இருந்த ஆறு வாரத்தில் ஒரு சப்மெர்சிபிள் பம்புக்கு இம்பெல்லரோட வேன் ஆங்கிளை மாத்தி மாத்திப் பார்த்துட்டு இருந்தாங்க. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் புது பேட்டர்ன், ஃபவுண்டரியில் புது காஸ்டிங், மெஷினிங், அப்புறம் டெஸ்ட் பெட்டில் ஏத்தி ஹெட், டிஸ்சார்ஜ், ஆம்பியர் எடுக்கணும். முதல் மூணும் தேறலை. நாலாவதில் ஆம்பியர் இறங்குச்சு, ஆனா ஹெட்டும் சேர்ந்து இறங்கிடுச்சு. அஞ்சாவதுக்கு பேட்டர்ன் கொடுத்திருந்த நேரத்தில் என் இன்டர்ன்ஷிப் முடிஞ்சது.

இதுக்கு ஆன செலவை எந்தக் கணக்கில் எழுதுறீங்கன்னு ஓனர்கிட்ட கேட்டேன். ஆடிட்டர் ரிப்பேர், மெயின்டனன்ஸ்ல போட்டுடுவார்னு சொன்னார். "அண்ணா, இது ஆர் அண்ட் டி இல்லீங்களா?"ன்னு கேட்டதுக்கு அவர் சிரிச்சார். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க பண்றது தம்பி. நாம சும்மா மாத்தி மாத்திப் பாக்கறமுங்க."

உலகம் முழுக்க ஆராய்ச்சியை அளக்கப் பயன்படுத்துற ஃப்ராஸ்காட்டி மேனுவல்னு ஒண்ணு இருக்கு. 1963-லிருந்து வருது. ஒரு வேலை ஆராய்ச்சியான்னு பார்க்க அது அஞ்சு விஷயம் கேக்குது. புதுசா இருக்கணும், வெறும் வழக்கமான வேலையா இல்லாம சொந்த யோசனை இருக்கணும், முடிவு என்ன வரும்னு முன்னாடியே தெரியாம இருக்கணும், திட்டம் போட்டு முறையா செய்யணும், இன்னொருத்தர் எடுத்துத் திரும்பச் செய்ய முடியணும். அந்த ஷெட்டில் நடந்தது முதல் மூணிலும் தாராளமா பாஸ். (நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பாதி மூணாவதிலேயே அவுட். ரிசல்ட்டை முதலில் எழுதிட்டு அப்புறம்தானே சர்க்யூட் வாங்குறோம்.) கடைசி ரெண்டில்தான் அந்த ஷெட் மாட்டும். எதையும் எழுதி வைக்கிறதில்லை. ரீடிங் எல்லாம் சுவத்தில் சாக்பீஸால் எழுதி, அடுத்த ட்ரையலுக்கு அழிச்சுடுவாங்க.

எழுதி வெச்சிருந்தாலும் 35(2ஏ.பி.) அவங்களுக்கு இல்லை. அது கம்பெனிக்கு மட்டும். பார்ட்னர்ஷிப் ஃபர்ம், தனி உரிமையாளர் யாருக்கும் கிடையாது. 200 சதவீதம் இருந்த பொற்காலத்திலும் கிடையாது.

ஆனா யாரும் கவனிக்காத ஒண்ணு அதே பிரிவு 35-ல் இருக்கு. 35(1)-ன்படி, சொந்தத் தொழில் சம்பந்தமான அறிவியல் ஆராய்ச்சிக்கு வாங்கின கருவியோட முழு விலையையும், நிலம் நீங்கலா, அதே வருஷம் கழிச்சுக்கலாம். கம்பெனியா இருக்கணும்னு இல்லை, டி.எஸ்.ஐ.ஆர். ஒப்புதலும் முன்கூட்டியே தேவையில்லை. ஒரு ஃபர்ம் 8 லட்சத்துக்கு டெஸ்ட் ரிக் வாங்குதுன்னு வைங்க. சாதாரண மெஷினா காட்டினா முதல் வருஷம் 15 சதவீதத் தேய்மானம், அதாவது 1.2 லட்சம் கழியும். 30 சதவீத வரியில் 36,000 ரூபாய் மிச்சம். ஆராய்ச்சிக் கருவியா காட்டினா 8 லட்சமும் கழியும், 2.4 லட்சம் மிச்சம். மொத்தத்தில் கிடைக்கிறது ஒண்ணுதான், தேய்மானம் பின்னால் மெல்ல வரும். ஆனா சின்ன யூனிட்டுக்கு இந்த வருஷக் காசுதான் காசு.

அப்புறம் ஏன் யாரும் கேக்கிறதில்லை? சட்டம் அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற விளக்கம், இயற்கை அறிவியல் அல்லது பயன்பாட்டு அறிவியலில் அறிவை விரிவாக்குகிற செயல் என்பது. இதைப் படிச்ச எந்த ஆடிட்டரும் கணபதியில் இருக்கிற ஒரு ஷெட்டுக்காக அதிகாரி முன்னாடி போய் நிக்க மாட்டார். ஃபீஸும் கட்டுப்படி ஆகாது. ரிப்பேர்னு எழுதினா கேள்வியே வராது.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரிசு. டிடக்‌ஷன் லாபம் இருந்தால்தான் வேலை செய்யும். புதுசா ஆரம்பிச்ச யூனிட், நம்ம சீனியர்ஸ் ஆரம்பிக்கிற ஹார்ட்வேர் ஸ்டார்ட்அப் எல்லாம் முதல் சில வருஷம் நஷ்டத்தில்தான் ஓடும். வரியே இல்லாதவனுக்கு வரியில் தள்ளுபடி கொடுத்து என்ன பிரயோஜனம்? நஷ்டத்தை எட்டு வருஷம் வரை முன்னே கொண்டுபோகலாம்னு சட்டம் சொல்லும். எட்டு வருஷம் அந்த யூனிட் உயிரோட இருக்கணுமே. ஆராய்ச்சிக்குப் பணம் ரொம்பத் தேவைப்படுற நேரத்தில், தேவைப்படுறவங்களுக்கு மட்டும் கிடைக்காத மாதிரி இதை அமைச்சிருக்காங்க.

கனடாவில் சின்ன உள்நாட்டு நிறுவனங்களுக்கு ஆராய்ச்சிச் செலவில் 35 சதவீதம் வரைக்கும் காசாவே திரும்பக் கிடைக்கும், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆஸ்திரேலியாவில் 2 கோடி டாலருக்குக் கீழே விற்றுமுதல் இருக்கிற கம்பெனிகளுக்கு இதே மாதிரி உண்டு. பெரிய கம்பெனிக்கு வேற விதி, சின்னதுக்கு வேற விதி. நாமும் இதைத்தான் கேக்கணும்னு நினைக்கிறேன். சதவீதத்தை ஏத்தச் சொல்றதைவிட, வகையை மாத்தச் சொல்லணும்.

உடனே ஒருத்தர் சொல்வார், காசா கொடுத்தா நம்ம ஊரில் எல்லாரும் ஆராய்ச்சியாளர் ஆகிடுவாங்கன்னு. நம்ம ஊர் என்ன, பிரிட்டனிலேயே அதுதான் நடந்தது. அங்கே சின்ன நிறுவனங்களுக்கான திட்டத்தில் 2020-21-ல் கொடுத்த பணத்தில் 24.4 சதவீதம் தப்பாகவோ மோசடியாகவோ போச்சுன்னு அந்நாட்டு வரித்துறையே மதிப்பிட்டுச் சொல்லுச்சு. கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. கமிஷன் ஏஜென்ட்டுகள் கிளம்பிட்டாங்க. பப், ரெஸ்டாரன்ட், முதியோர் இல்லம், ஜிம் ட்ரெய்னர் மாதிரித் தொழில்களிலிருந்து வர்ற க்ளெய்மைச் சந்தேகப்படணும்னு வரித்துறை எச்சரிக்கை விடுற அளவுக்குப் போச்சு. 2023 ஆகஸ்ட் 8 முதல், எந்த ப்ராஜெக்ட், அதில் எது நிச்சயமில்லாம இருந்தது, அதைத் தீர்க்க என்ன செஞ்சீங்கன்னு தனி ஃபார்மில் எழுதியே ஆகணும்னு வந்தது. 2024 ஏப்ரலில் திட்டத்தையே மாத்தி அமைச்சாங்க.

இந்த பயம் உண்மையானது, நான் தள்ளிவிடலை. ஆனா பிரிட்டன் செஞ்சது முதலில் வாரிக் கொடுத்துட்டு அப்புறம் கேள்வி கேட்டது. அந்தக் கேள்வி ஃபார்மை முதல் நாளே வெச்சா போதும். வருஷத்துக்கு ஒரு யூனிட்டுக்கு இவ்வளவுதான்னு ஒரு சின்ன உச்சவரம்பும், உற்பத்தித் துறைக்கு மட்டும்னு ஒரு எல்லையும் போட்டா ஏஜென்ட்டுக்குப் பெரிசா கமிஷன் தேறாது.

ஒரு லட்சம் கோடி ரூபாயில் ஆராய்ச்சி நிதியை 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கிட்டதே, அது போதாதான்னு கேக்கலாம். அது நீண்டகாலக் குறைந்த வட்டிக் கடனும் பங்கு முதலீடும். நேரா வராது, நிதி மேலாளர்கள் வழியா வரும். டெக்னாலஜி ரெடினஸ் லெவல் 4 அல்லது அதுக்கு மேல் வந்த திட்டங்களுக்கானது. நல்ல திட்டம்தான். ஆனா நாலாவது பேட்டர்னில் ஹெட் இறங்கிப்போன ஷெட்டுக்கு அதில் இடம் இல்லை. அவங்க கேக்கிறது கடன் இல்லை, பேட்டர்னுக்கும் காஸ்டிங்குக்கும் போன சில லட்சத்தில் ஒரு பங்கு.

சில ஆயிரம் ஷெட்டில் அந்த ஒரு பங்கு திரும்பக் கிடைச்சா, அதைக் கேட்டு வாங்க ட்ரையலை எழுதி வைக்க ஒரு ஆள் வேணும். டெஸ்ட் ரீடிங்கைப் பார்த்து அடுத்த ஆங்கிள் என்னன்னு கணக்குப் போட ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்கு பி.இ. போதும், பிஹெச்.டி. வேண்டாம்.

சட்டம் மாறுற வரைக்கும், இந்த செமஸ்டர் இண்டஸ்ட்ரி ப்ராஜெக்ட் பண்றவங்க ஒரு காரியம் செய்யலாம். தேதி போட்ட நோட்டு ஒண்ணு வைங்க. என்ன தெரியாம ஆரம்பிச்சோம், எந்த ட்ரையல் ஏன் தோத்தது, எதுக்கு எவ்வளவு செலவு, எந்த மெஷினை எத்தனை மணி நேரம் ஓட்டினோம், எல்லாத்தையும் எழுதுங்க. ப்ராஜெக்ட் முடிஞ்சதும் ஒரு காப்பியை ஓனர்கிட்ட கொடுத்து, ஆடிட்டர்கிட்ட 35(1)-னு ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொல்லுங்க.