முகாம்வாழ் இலங்கைத் தமிழருக்குக் குடியுரிமைக்கான வழியைத் திறக்கக் கோரும் மனு

அனுப்புநர்: சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் செயற்குழுவினர்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், விருதுநகர்.

நகல்: அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையர், சென்னை, ஒன்றிய அரசின் உள்துறைச் செயலர், புது தில்லி.

பொருள்: குடியுரிமை கோரும் முகாம்வாழ் இலங்கைத் தமிழரை, அவர்கள் வந்த வழியைக் கொண்டு அளக்காமல், நாட்டைப் பற்றிய அறிவையும் வாழ்ந்த ஆண்டுகளையும் கொண்டு அளக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

நம் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு, செவலூர், ஆனைக்குட்டம் முதலிய ஊர்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்துப் பல கட்டங்களாகக் கடல் தாண்டி வந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். விருதுநகர் தனி மாவட்டமானதே 1985 மார்ச் 15ஆம் நாள்தான். இந்த மக்கள் தமிழகக் கரையேறத் தொடங்கியபோது இப்படியொரு மாவட்டம் இருக்கவில்லை. மாவட்டம் பிறந்து, வளர்ந்து, நாற்பது ஆண்டு கடந்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு இன்னமும் வாக்கு இல்லை, இந்தியக் கடவுச்சீட்டு இல்லை, அரசு வேலைக்கு விண்ணப்பிக்க வழி இல்லை. குடியுரிமை கேட்டால் எதில் வந்தாய், என்ன தாளோடு வந்தாய் என்ற ஒற்றைக் கேள்வியோடு மனு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்விக்கு எவ்வளவு உழைத்தாலும் நல்ல பதில் தர முடியாது. உழைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வியை அவர்களிடம் கேளுங்கள் என்பதே இம்மனுவின் சாரம்.

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலைத் தாங்களே எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம். குடிமையியல் பகுதியின் முதல் பாடம் இந்திய அரசியலமைப்பு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, பிரதேச இணைவு என ஐந்து வழிகளில் ஒருவர் குடிமகனாகலாம் என்று அதில் இருக்கிறது. அடுத்து மத்திய அரசு, மாநில அரசு, வெளியுறவுக் கொள்கை என்று பாடங்கள் நீள்கின்றன. அரசுப் பள்ளியில் படிக்கும் முகாம் பிள்ளை இந்த ஐந்து வழிகளையும் மனப்பாடம் செய்து, பொதுத் தேர்வில் எழுதி, தேர்ச்சியும் பெறுகிறது. அந்த ஐந்தில் ஒன்றுகூடத் தனக்குத் திறக்காது என்பதை அந்தப் பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் விளக்கிச் சொல்ல முடிவதில்லை. எங்கள் சங்கத்தில் இருக்கும் ஆசிரியர்களுக்கு இதைவிடக் கடினமான வகுப்பு வேறில்லை. குடிமை அறிவுக்கு அரசு தன் கையால் பாடநூல் எழுதி, தன் கையால் தேர்வு வைத்து, தன் முத்திரையோடு சான்றிதழும் கொடுத்த பிறகு, அதே அரசு அந்தச் சான்றிதழைக் குடியுரிமை மனுவில் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாதது முறையா?

வாசல் அடைபட்டதற்குச் சட்டக் காரணம் உண்டு என்பதை அறிவோம். 1987 ஜூலை 1ஆம் நாளுக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்தது. உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவர்கள் அனைவரையும் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகுத்து, பதிவு வழியையும் இயல்புரிமை வழியையும் அவர்களுக்கு மூடியது. குண்டுவீச்சுக்குத் தப்பி இரவோடு இரவாகப் படகேறியவர் விசா எடுத்துவர முடியாது என்பதைச் சட்டம் கணக்கில் கொள்ளவில்லை. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணமுடித்தவர்களின் பிள்ளைக்கும் இதனால் பிறந்த மண் அந்நிய மண்ணாகிறது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? கனடாவில் குடியுரிமை கேட்கும் 18 முதல் 54 வயது வரையுள்ள விண்ணப்பதாரர், நாட்டைப் பற்றிய தேர்வில் 20 கேள்விகளில் 15க்குச் சரியாக விடை சொல்ல வேண்டும். பிரிட்டனில் 24 கேள்விகள், 18 சரியாக இருந்தால் போதும். ஜெர்மனியில் 33க்கு 17. ஜெர்மனியின் கேள்வித் தொகுப்பு முழுவதும் முன்கூட்டியே வெளியிடப்படுகிறது. கனடா அரசு படிப்பதற்கான கையேட்டை இலவசமாகத் தருகிறது. அங்கெல்லாம் சட்டப்படி வசிக்கும் உரிமை முதலில் தரப்பட்டு, அதன் பிறகே தேர்வு வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். ஆனாலும் அந்த ஏணியில் படிகள் இருக்கின்றன. அதே 1983க்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் கிளம்பிய தமிழரில் டொராண்டோ போய்ச் சேர்ந்தவர்கள் அந்தப் படிகளில் ஏறிக் குடிமக்களாகி, நகரமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தலில் நின்று வென்றிருக்கிறார்கள். மொழியும் பண்பாடும் ஒன்றாக இருக்கும் நாட்டுக்கு வந்தவர்கள்தாம் இன்னும் முகாமில் இருக்கிறார்கள். இத்தனைக்கும் இந்தியச் சட்டம் குடிமை அறிவுத் தேர்வு எதையும் கேட்பதில்லை. குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை முதன்மையாகக் கேட்பது, குறிப்பிட்ட ஆண்டுகள் வசித்திருத்தல், நன்னடத்தை, எட்டாம் அட்டவணை மொழி ஒன்றில் போதிய அறிவு ஆகியவற்றையே. இவை எல்லாவற்றையும் முகாம்வாசிகள் எப்போதோ கடந்துவிட்டார்கள். தமிழ் தெரியுமா என்று அவர்களிடம் யார் கேட்க முடியும்?

சட்டம் இடம் தரவில்லையே என்பது எங்கள் கோரிக்கைக்கு எழும் முதல் மறுப்பு. நாடாளுமன்றம் நினைத்தால் விலக்குத் தர முடியும் என்பதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே சான்று. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தாரை அது சட்டவிரோதக் குடியேறிகள் பட்டியலிலிருந்து நீக்கி, 11 ஆண்டு வசிப்பை 5 ஆண்டாகக் குறைத்தது. 2024 மார்ச் 11இல் விதிகளும் வந்தன. மதத்தை அளவுகோலாக்கியதை நாங்கள் ஏற்கவில்லை, தமிழகச் சட்டமன்றமும் 2021இல் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. எனினும் விலக்கு இயலாத காரியம் அல்ல என்பது அதிலிருந்து தெளிவு. 2025ஆம் ஆண்டுக் குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின்கீழ் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விடுவித்திருக்கிறது. இரண்டு கெடு நாள்களுக்கும் இடையே பத்து நாள்கூட இல்லை. ஒரு கெடுவுக்குள் வந்தவருக்குக் குடியுரிமை, மற்றக் கெடுவுக்குள் வந்தவருக்குச் சிறைக்குப் போகாமல் இருக்கும் சலுகை மட்டும் என்றால் அந்த வேறுபாட்டுக்கு நியாயம் சொல்லப்பட வேண்டும். நீதிமன்றமும் வாய்மூடி இருக்கவில்லை. இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்குகளில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூன் 17இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு தரச் சொல்லி அதே கிளை 2022இல் உத்தரவிட்டது; அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். உரிமை சட்டத்திலேயே இருந்தும், அதைப் பெற வழக்காட வேண்டியிருந்தது.

மலையகத்தாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டு வந்த சட்டமும், தோட்டத்தில் உழைத்த பல லட்சம் பேரிடம் பிறப்புக்கும் வசிப்புக்கும் ஆவணம் கேட்டன. ஆவணம் காட்ட முடியாதவர்கள் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா வாக்குத் தந்தது. 1984இல் தலைமன்னார் ராமேஸ்வரம் கப்பல் நின்றதும் அந்த ஏற்பாடு பாதியில் நின்றது. பின்னர் அகதியாக வந்த மலையகத்தாரையும் சட்டவிரோதக் குடியேறி என்பது, இந்தியா தானே கொடுத்த வாக்கை மறப்பதாகும்.

தேர்வு என்று வந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் விழுந்துபோவார்களே என்று எங்கள் தரப்பு நண்பர்களே அஞ்சுகிறார்கள். இது நியாயமான அச்சம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்த எழுத்தறிவுத் தேர்வுதான் கருவியாயிற்று. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அது ஒழிந்தது. இந்தியா அந்தத் தவற்றைச் செய்யவில்லை. 1951ஆம் ஆண்டுக் கணக்குப்படி நூற்றுக்கு 18 பேருக்கே எழுத்தறிவு இருந்தும் வயது வந்த எல்லோருக்கும் வாக்குத் தந்தோம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசரை முதலமைச்சராக்கிய ஊர்க்காரர்கள் நாம். எழுத்தும் அறிவும் வேறு என்பதை எங்கள் தொழிலே தினமும் காட்டுகிறது. பள்ளிக்கூடம் போகாத பெண்கள் பட்டாசு ஆலையில் ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம், மருந்து கலக்கும் இடத்தில் இரும்புக் கருவி ஏன் ஆகாது, மருந்தை உரசவோ தட்டவோ ஏன் கூடாது என்று தடையில்லாமல் சொல்வார்கள். ஆகவே தேர்வு என்பது தமிழில், வாய்மொழியாக, கேள்விகளை முன்பே வெளியிட்டு, தவறினால் எத்தனை முறையும் மறுபடி வரலாம் என்ற ஏற்பாட்டோடு இருக்க வேண்டும். முதியோருக்கு அது தேவையே இல்லை. 65 வயது கடந்து, நிரந்தர வசிப்புரிமையோடு 20 ஆண்டு வாழ்ந்தவருக்கு அமெரிக்காவே குறைந்த கேள்விகளை அவரவர் மொழியில் கேட்கிறது.

போர் முடிந்துவிட்டது, அவர்கள் ஊர் திரும்பட்டும் என்பாரும் உண்டு. திரும்ப விரும்புவோரைத் தடுக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அரசமைப்பின் 9ஆம் உறுப்பின்படி இரட்டைக் குடியுரிமைக்கு இங்கே இடமில்லை. எனவே யார் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்தந்தக் குடும்பமே முடிவு செய்யட்டும்; மனு கொடுப்பது முழு விருப்பத்தின்பேரில் இருக்கட்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டுவோருக்கு ஒன்று சொல்வோம். மாதந்தோறும் ஆள் தணிக்கை, காவல்துறையின் க்யூ பிரிவுப் பதிவேடு, வெளியூர் போக அனுமதி என்று முப்பது ஆண்டுக்கு மேல் அரசின் கண்பார்வையிலேயே வாழ்ந்தவர்களைப் போல நன்னடத்தைக்கு எழுத்துச் சான்று வைத்திருப்போர் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. தணிக்கை நாளில் கூலியை இழந்து வரிசையில் நின்றதற்கு அந்தப் பதிவேடாவது அவர்களுக்குப் பயன்படட்டும்.

எனவே தாங்கள் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டு, மாவட்டத்திலுள்ள ஒவ்வொரு முகாமிலும் வட்டாட்சியர் நிலை அலுவலர் ஒருவரைக் கொண்டு குடியுரிமை மனுக்களைப் பெற்று, 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்கள், 1964 ஒப்பந்தத் தொடர்புடைய மலையகத்தார், இங்கே பிறந்து பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவர்கள் ஆகியோரைத் தனித்தனிப் பட்டியலாக்கித் தங்கள் பரிந்துரையோடு அனுப்ப வேண்டுகிறோம். முதல் பட்டியலில் இருப்போர் ஏற்கெனவே குடிமக்கள் என்பதால் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க உடனே நடவடிக்கை வேண்டும். ஒன்றிய அரசு 2015 ஜனவரி 9 வரை வந்த இலங்கைத் தமிழரையும் அவர்கள் பிள்ளைகளையும் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து நீக்க வேண்டும். அதற்குப் பிறகும் தகுதியைச் சோதித்தே ஆக வேண்டும் என்று அரசு கருதினால், பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தேர்ச்சியாக ஏற்றுக்கொண்டு, மற்றவர்களுக்கு மேலே சொன்ன முறையில் வாய்மொழித் தேர்வு வைக்கட்டும். அதற்கான வகுப்புகளை எங்கள் சங்கத்து ஆசிரியர்கள் ஊதியமின்றி ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தத் தயாராக இருக்கிறார்கள். முகாமுக்குள் இடமும் அனுமதியும் தந்தால் போதும். எந்த மனுவையாவது ஏற்க இயலாவிட்டால் காரணத்தைத் தமிழில், எழுத்தில், மனுதாரர் கையில் தர வேண்டும். இவை குறித்து நேரில் விளக்க எங்களுக்கு ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயற்குழுவினர்,
சிவகாசி.