எம்டனுக்குக் கரி போட்டது யார்?

செப்டம்பர் 22 வந்தால் போதும், சென்னையில் எம்டன் புராணம் ஆரம்பித்துவிடும். 1914-ல் அதே தேதி ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் கப்பல் வந்தது, நூற்றுச் சொச்சம் குண்டு போட்டது, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஹைகோர்ட் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்டா" என்று பேச்சு வழக்கே வந்துவிட்டது. செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று இன்னமும் சண்டை போடுகிறார்கள். (அந்த நாட்களில் மனிதர் ஐரோப்பாவில் இருந்தார். அது தனிக் கதை.)

எல்லாம் சரிங்க. அந்தக் கப்பல் எதைத் தின்று ஓடியது? இதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை!

எம்டன் நீராவிக் கப்பல். வயிறு கொள்ளும் கரி சுமார் 800 டன்தான். வேகம் கூட்டினால் மளமளவென்று தீரும். பிரிட்டிஷ்காரனுக்குக் கொழும்பு, ஏடன், சிங்கப்பூர் என்று போகிற இடமெல்லாம் கரித் துறைமுகம். ஜெர்மனிக்கு அந்த வசதி கிடையாது. எம்டனின் சொந்தத் துறைமுகமோ எங்கோ சீனாவில், சிங்தாவோவில்.

அப்புறம் எப்படி? மார்கோமானியா என்றொரு சரக்குக் கப்பல். 1914 ஆகஸ்டில், பசிபிக்கில் பேகன் தீவருகே, அட்மிரல் ஷ்பே தன் படையிலிருந்து எம்டனைப் பிரித்து அனுப்பியபோது கூடவே அனுப்பியது இதைத்தான். வங்காள விரிகுடா வரை எம்டனுக்கு நடமாடும் துறைமுகம் இது. வெயிலில் மூட்டை மூட்டையாகக் கரியை ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களே சுமந்து மாற்றினார்கள். சுமத்ரா பக்கம் சிமெலூ தீவில் கரி ஏற்றும்போது நடுநிலை நாட்டு டச்சுக்காரர்கள் வந்து கிளம்பச் சொல்லிவிட்டார்கள். மாலத்தீவுப் பக்கம் மறுபடி ஏற்றினார்கள். அதோடு மார்கோமானியா காலி.

"சுட்டவனுக்குத்தானே பேர், கரி சுமந்தவனுக்கு எதற்கு?" என்பார்கள். கணக்குப் படித்தவர்களிடம் இது எடுபடாது. வரவுப் பக்கத்தை மட்டும் காட்டிச் செலவுப் பக்கத்தை மறைத்தால் அதற்குப் பேர் வரலாறா, மோசடியா? கேப்டன் முல்லரே இதைப் புரிந்துகொண்டவர். அவர் பிடித்த கப்பல்களைப் பாருங்கள். போன்டோபோரோஸ், கிரேக்கக் கப்பல், உள்ளே இந்தியக் கரி. மூழ்கடிக்கவில்லை, கூட வைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் கரி மட்டம், புகை ஜாஸ்தி, சாம்பலும் ஜாஸ்தி. அடுத்து பியூரெஸ்க், உள்ளே 6,000 டன்னுக்கு மேல் உயர்தர வேல்ஸ் கரி, பிரிட்டிஷ் கடற்படைக்கே போய்க்கொண்டிருந்தது! எதிரியின் கரியிலேயே அதன் பிறகு எம்டன் ஓடியது. மெட்ராஸில் அவர் குறி வைத்ததும் எண்ணெய்த் தொட்டிகளைத்தான். அடித்தவருக்கு எரிபொருளின் அருமை தெரிந்திருந்தது. கதை சொல்கிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

துரத்தியவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1914 அக்டோபரில் யார்மவுத் என்ற பிரிட்டிஷ் கப்பல், சுமத்ரா அருகே மார்கோமானியாவை மூழ்கடித்து, போன்டோபோரோஸை மீட்டது. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை முடித்தது. அதே நாள் பியூரெஸ்க்கையும் அதிலிருந்த ஜெர்மன்காரர்களே மூழ்கடித்தார்கள்.

இது பழங்கதை மட்டுமில்லை. கரி போய் எண்ணெய் வந்தும் கடற்படைக் கணக்கு மாறவில்லை. 2023 ஆகஸ்டில் இந்தியக் கடற்படைக்கு நடுக்கடலில் எரிபொருள் தர 5 துணைக் கப்பல்கள் கட்ட, விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டுடன் சுமார் 19,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். விமானந்தாங்கிக் கப்பலென்றால் டிவியில் மணிக்கணக்கில் காட்டுகிறார்கள். இந்த 5 கப்பலைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? மக்கள் வரிப்பணம் எங்கே போகிறது, ஏன் போக வேண்டும் என்று கேட்கவாவது, எரிபொருள் கப்பல் என்றால் என்னவென்று தெரிய வேண்டாமா?

கோட்டூர்புரம் பாலத்தின் மேல் பெட்ரோல் தீர்ந்து பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவனிடம் கேளுங்கள், எஞ்சின் பெரிசா டேங்க் பெரிசா என்று. சரியாகச் சொல்வான். ஹைகோர்ட் கல்வெட்டுப் பக்கத்தில் மார்கோமானியா பேரையும் ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்?