மருந்து சரி, சோறு எங்கே?

திருவள்ளூர் வட்டாரத்து உழைப்பாளி மக்களிடம் வைத்திய விஞ்ஞானம் கடன் பட்டிருக்கிறது. அந்தக் கடன் இன்னும் முழுதாகத் தீர்க்கப்படவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

1968ஆம் ஆண்டு. அன்று இது செங்கல்பட்டு மாவட்டம். காசநோயைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட பி.சி.ஜி. ஊசி உண்மையிலேயே தடுக்கிறதா என்று பார்க்க, இந்த வட்டாரத்துக் கிராமங்களுக்கு டாக்டர்களும் உதவியாளர்களும் வந்தார்கள். மொத்தம் 2,81,161 பேர் கைநீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். சிலருக்குச் செலுத்தப்பட்டது மெய்யான மருந்து; சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் நீர். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இப்படிச் செய்தால்தான் கணக்கு நேர்மையாக வரும். பதினைந்து ஆண்டுகள் அந்த மக்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கிடைத்த முடிவு உலகத்து நிபுணர்களையே திடுக்கிட வைத்தது. வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை! (பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் கொடிய வகைக் காசத்துக்கு அது கேடயம்தான். பிறந்தவுடன் போடுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தாய்மார்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இன்று செவ்வாப்பேட்டையிலும் வேப்பம்பட்டிலும் விடியுமுன் ரயிலேறி ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போகிற தொழிலாளியின் பாட்டனோ பாட்டியோ அந்த 2,81,161 பேரில் ஒருவராக இருக்கக்கூடும். அவர்கள் உடம்பைக் கொடுத்தார்கள். உலகம் பாடம் படித்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

ஊசி தடுக்காது என்றால் வேறு எதுதான் தடுக்கும்? இந்தக் கேள்விக்கு நேரான விடை வர வெகுகாலம் பிடித்தது. காரணத்தை அறிய இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. மாநில சர்க்கார், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி அமைத்தவை அதன் சுவர்கள். அக்காலத்தில் க்ஷயம் என்றாலே சானடோரியம். மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, பால், முட்டை. பணக்காரனுக்கு அது கிடைக்கும். கூலிக்காரனுக்கு இடமே கிடைக்காது. சேத்துப்பட்டு டாக்டர்கள் 193 ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் இருந்தனர். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீட்டிலேயே, கிடைத்த கஞ்சியைக் குடித்துக்கொண்டு மாத்திரை சாப்பிட்டனர். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் குணமானவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு சானடோரியத்தின் சகாப்தத்தையே முடித்து வைத்தது. வீட்டிலிருந்தே குணமாகலாம் என்பது ஏழைக்குக் கிடைத்த மகத்தான விடுதலை. அதை நாம் சிறிதும் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் அந்த விடுதலையோடு ஒரு விபரீதமான பாடமும் சேர்ந்து பரவியது. மருந்து போதும், சோறு இரண்டாம் பட்சம் என்பதே அந்தப் பாடம். சேத்துப்பட்டு ஆராய்ச்சி விடை சொன்ன கேள்வி என்ன? நோய் வந்தவன் மருந்தால் குணமாவானா என்பது. நோய் வராதவனுக்கு வராமல் காப்பது எது என்ற கேள்வியை அது தொடவே இல்லை. கிருமி புகுந்த உடம்பெல்லாம் நோயுறுவதில்லை. பெரும்பாலோர் உடம்பில் அது உறங்கிக் கிடக்கிறது. வயிறு காய்ந்து உடல் மெலிந்தால் காவல் தளர்கிறது, கிருமி விழிக்கிறது. இது கிழவிகளுக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் கிழவி சொன்னால் சர்க்கார் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குமா? ஆராய்ச்சி வேண்டும், புள்ளிவிவரம் வேண்டும்.

அந்தப் புள்ளிவிவரமும் வந்துவிட்டது. சேத்துப்பட்டு நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் நடக்கிறது. அதன் பங்கேற்போடு 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். பட்டினி கிடக்கும் நோயாளிக்கு ஆராய்ச்சியின் பெயரால் உணவை மறுப்பது அநீதி என்பதால் அங்கே பாகுபாடு வைக்கவில்லை. வீட்டாரில்தான் இரு பிரிவு. ஒரு பிரிவில் வளர்ந்த ஆள் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் தந்தார்கள். மற்றப் பிரிவின் வீட்டாருக்கு இல்லை.

2023 ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. அரிசியும் பருப்பும் பெற்ற வீடுகளில் காசநோய் 39 சதவிகிதம் குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசமோ 48 சதவிகிதம், ஏறக்குறையப் பாதி, குறைந்தது. எந்த வெளிநாட்டுக் கம்பெனியின் மருந்தும் இல்லை, ஐயா! ரேஷன் கடையில் மூட்டையாகக் கிடக்கும் அரிசியும் பருப்பும்!

இனி நம் சர்க்கார்களின் கணக்கைப் பார்ப்போம். மத்திய சர்க்கார் 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்து, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. அது நோயாளிக்கு. வீட்டாருக்கு? தானம் செய்ய முன்வரும் தனியாரும் கம்பெனிகளும் தரும் உணவுப் பொட்டலத்தை 2024இல் வீட்டாருக்கும் விரிவுபடுத்தினார்கள். கொடுக்க மனமுள்ளவர் கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. நோய்த் தடுப்பு என்று நிரூபிக்கப்பட்ட ஒன்றைத் தர்மப் பிரபுக்களின் கருணைக்கு விடுவதா? அம்மை ஊசிக்கு யாராவது உண்டியல் குலுக்கியதுண்டா?

மாநில சர்க்கார் 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் கண்ட அன்றே எடை பார்த்து, மூச்சும் பார்த்து, எழுந்து நிற்க முடிகிறதா என்றும் பார்த்து, மிக மெலிந்தவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். மெலிவு கொல்கிறது என்பதை அதிகாரிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்கிறோம். அப்படியானால் அந்த நோயாளியின் மனைவி மக்களையும் அதே தராசில் ஏற்றிப் பார்ப்பதற்கு என்ன தடை? இன்று ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் கிடைப்பது ஒரு கிலோ பருப்பு. ஆராய்ச்சி சொல்லும் அளவுப்படி நான்கு பேருக்கு 6 கிலோ. தராசும் இருக்கிறது, கடையும் இருக்கிறது, எடைதான் குறைகிறது.

கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட்டின் இரும்பு உலைகளிலும் ரோலிங் மில்களிலும் வியர்வை சிந்துகிறவர்களில் பீகார், ஒரிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். எந்த ஜார்க்கண்ட் கிராமத்தில் அரிசியும் பருப்பும் நோயைத் தடுக்கும் என்று நிரூபித்தார்களோ, அந்தக் கிராமத்து இளைஞன் இங்கே ஒரே அறையில் பத்துப் பேரோடு படுத்துறங்குகிறான். வார்ப்பட மணலின் தூசி நுரையீரலை அரித்துக் காசத்துக்குக் கதவைத் திறக்கிறது. பக்கத்தில் படுப்பவனுக்கு நோய் என்றால் இவனும் அந்த ‘வீட்டார்’தானே? ஆனால் அறைக் கூட்டாளியை வீட்டார் என்று எழுத எந்தப் பதிவேட்டில் இடமிருக்கிறது? வெளிமாநில அட்டைக்கு இங்கே அரிசி வாங்கலாம், பருப்பு இல்லை.

இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. காசநோய்க்கு 80 சதவிகிதச் சம்பளத்தோடு, அதிகபட்சம் 730 நாள் வரை, நீண்ட விடுப்பு உதவி உண்டு. ஆனால் இரண்டாண்டு தொடர்ந்து இன்ஷூரன்ஸுக்கு உட்பட்ட வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. காண்டிராக்டரை மாற்றி மாற்றி, பெயரை வெட்டி வெட்டி எழுதும் ஆலையில் எந்தத் தொழிலாளிக்கு இரண்டாண்டு சேரும்? இருமுகிறவன் இருமலை மறைத்துக்கொண்டு ஷிப்டுக்கு வருகிறான். வராவிட்டால் கூலி இல்லை. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் நோய் பிறருக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்துவிடும். அந்தச் சில வாரக் கூலியைக் கொடுக்க மனமில்லாத முதலாளி, அறை முழுவதற்கும் நோயைப் பரப்பிக் கொடுக்கிறார்.

நாம் கேட்பது அதிகமில்லை. நோயாளியின் வீட்டார் அனைவருக்கும், அறைக் கூட்டாளிகளுக்கும், குறைந்தது ஆறு மாதம், ஆராய்ச்சியில் கொடுத்த அதே அளவில் அரிசியும் பருப்பும் ரேஷன் கடை வழியாக உரிமையாகத் தரவேண்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்குக் காசநோய் உதவியில் இரண்டாண்டு விதியைத் தளர்த்த வேண்டும்.

மே 1 கிராம சபை கூடும் நாள். செவ்வாப்பேட்டைத் தோழர்களும் கும்மிடிப்பூண்டிச் சுற்றுவட்டாரத் தோழர்களும் அன்று கூட்டத்துக்குப் போக வேண்டும். இந்த ஊராட்சியில் எத்தனை பேர் காசத்துக்குச் சிகிச்சை பெறுகிறார்கள், அவர்களுடைய வீட்டாரில் எத்தனை பேருக்கு எடை பார்த்தீர்கள், எத்தனை பேருக்கு உணவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். பெயர்களைக் கேட்காதீர்கள், நோயாளியை ஊரறிய நிறுத்துவது நம் வேலையல்ல. எண்ணிக்கை மட்டும் போதும். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு வீடு திரும்புங்கள்.