மாலை அவனுக்கு, மூட்டை எனக்கு

மக்களே, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள போட்டு அமுக்கி வெச்சிருந்த விஷயம். போன வாரம் அக்கா பையன் வந்து மூடியைத் திறந்துட்டான். காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், மோர் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க.

பையன் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். எக்ஸ்சேஞ்ச்ல ஒரு செமஸ்டர் ஜெர்மனி போறான், மார்ச்ல கிளம்பணும். கல்லூரியில இதுக்குன்னு 'ஓரியண்டேஷன்' நடத்தினாங்களாம். கலாச்சார அதிர்ச்சி வரும், பயப்படாதே. எல்லாரையும் பார்த்துச் சிரி. நம்ம ஆளுங்க கூடவே சுத்தாதே. ஊறுகாயை நல்லா பேக் பண்ணு. மனசு வெச்சா எங்கேயும் ஒட்டிக்கலாம்னு முடிச்சாராம் பேசின புண்ணியவான்.

"சரிடா, எங்கே தங்கப் போறே?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை மாமா. அங்கே போய்ப் பார்த்துக்கலாமாம்."

சுர்ருன்னு ஏறிச்சு எனக்கு. இதே வார்த்தையை நம்பித்தான் நான் 2016ல மியூனிக்ல போய் இறங்கினேன்.

செப்டம்பர் 28. அங்கே அப்போ அக்டோபர்ஃபெஸ்ட் திருவிழா, அந்த வருஷம் அக்டோபர் 3 வரைக்கும். உலகத்துல இருக்கிற பீர் பக்தகோடிகள் அத்தனை பேரும் அந்த ஊர்லதான். 12 பேர் படுக்கிற டார்மிட்டரியில மேல் படுக்கை ஒண்ணு, ராத்திரிக்கு 85 யூரோ. திருவிழா முடிஞ்சதும் அதே படுக்கை 24 யூரோ (அதே மெத்தைதான், அதே குறட்டைதான்). கையில ரெண்டு பெட்டி, ஒண்ணுல அம்மா வெச்சுவிட்ட குக்கர். அடுப்புதான் இல்லை. 2ஆம் தேதி ஞாயிறு, 3ஆம் தேதி ஜெர்மன் ஐக்கிய நாள். ரெண்டு நாளும் ஊர்ல கடை கிடையாது. மெயின் ரயில் நிலையத்துல வித்த பன்னை வெச்சு ஓட்டினேன். கலாச்சார அதிர்ச்சியாம்! எனக்கு வந்தது பர்ஸ் அதிர்ச்சி.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது சுத்தல். ஜெர்மனியில குடிவந்த ரெண்டு வாரத்துக்குள்ள ஊர் அலுவலகத்துல விலாசம் பதியணும். பதியணும்னா வீட்டுக்காரர் கையெழுத்து போட்ட ஒரு காகிதம் வேணும், 2015 நவம்பர்ல இருந்து சட்டமே அதுதான். அதுக்குப் பேரு வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். (ஒரே மூச்சுல சொன்னவங்களுக்கு ஒரு க்ரெடிட் குடுக்கலாம்.) டார்மிட்டரியில அந்தக் காகிதம் தரமாட்டேன்னுட்டான். காகிதம் இல்லேன்னா பதிவு இல்லை. பதிவு இல்லேன்னா கணக்கு திறக்க முடியாதுன்னு எனக்கு வாய்ச்ச வங்கி சொல்லிடுச்சு. விசாவுக்காக முன்கூட்டியே கட்டி முடக்கி வெச்ச பணம், மாசாமாசம் அந்தக் கணக்குக்குத்தான் வரும். வாடகைக்கு ரூம் கேட்டா அட்வான்ஸ் கேட்கிறான், சட்டப்படி மூணு மாச வாடகை வரைக்கும் கேட்கலாம். அட்வான்ஸுக்குப் பணம் எங்கே? முடக்கி வெச்சதுல. அதை எடுக்க விலாசம் எங்கே? அதான் தேடிக்கிட்டிருக்கேன். கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம்னு ஊர்ல சொல்வாங்களே, அதேதான்.

மியூனிக்காரனைத் திட்டலாமான்னு பார்த்தேன். நியாயப்படி முடியலை. எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கான விடுதி விண்ணப்பம் பத்தி அவங்க மே மாசமே என் கல்லூரிக்கு மெயில் அனுப்பியிருக்காங்க. கடைசி தேதி ஜூலை 15. என் கல்லூரி (பேர் வேண்டாம்) அதை எனக்கு அனுப்பினது ஜூலை 22. கேட்டதுக்கு, "சார் லீவுல இருந்தாரு தம்பி." ஒரு மெயிலைத் தள்ளிவிடறதுக்கு ரெண்டு மாசம் லீவு!

வயித்தெரிச்சல் எங்கேன்னா, அதே ஒப்பந்தத்துல ரெண்டு ஜெர்மன் பசங்க எங்க கல்லூரிக்கு வந்தாங்க. மீனம்பாக்கத்துக்குக் கார் போச்சு, வாசல்ல மாலை போட்டாங்க, கெஸ்ட் ஹவுஸ்ல ஏசி ரூம், முதல் நாளே வாழை இலை. நல்லது, விருந்தாளியை அப்படித்தான் கவனிக்கணும். சொந்தப் பையன் ஒருத்தன் அங்கே பெட்டியை உருட்டிக்கிட்டுத் திரியறானேன்னு ஒரு போன் கூட வரலை. போன் வரலைன்னாலும் பில் வந்துச்சு. நான் இல்லாத அந்த செமஸ்டருக்கும் ஹாஸ்டல் ஃபீஸ் முழுசா வாங்கினாங்க. பூட்டிக் கிடந்த ரூமுக்கு இங்கே வாடகை, படுக்கைக்கு அங்கே வாடகை. 'அங்கே ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, எங்க சாதனை'ன்னு நோட்டீஸ் வேற. அந்த ஊர் அரசுப் பல்கலைக்கழகத்துல அப்போ யாருக்குமே ட்யூஷன் ஃபீஸ் கிடையாதுய்யா!

"நம்ம ஆளுங்க கூட சுத்தாதே"ன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு. திருவிழா முடிஞ்சப்புறம் தரையில பாய் விரிச்சு நாலு வாரம் இடம் குடுத்தவர் அங்கே பிஎச்டி பண்ணிக்கிட்டிருந்த ஒரு திருநெல்வேலி அண்ணன்தான். "படுத்துக்கோடே, மத்ததைக் காலையில பேசுவோம்"னார். நவம்பர்ல மாணவர் குடியிருப்புல ஒரு ரூம் காலியாகி, சாவி கைக்கு வந்த நாள்லதான் எனக்கு செமஸ்டரே ஆரம்பிச்சுது. பொது சமையலறை, எட்டுப் பேர், எட்டு நாட்டு வாசனை. எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில போடணும்னு ஒரு போலந்துப் பொண்ணு வகுப்பு எடுத்துச்சு, நான் அதுக்கு ரசம் வெக்கக் கத்துக்குடுத்தேன். சிரிக்கச் சொல்லி யாரும் ஓரியண்டேஷன் நடத்தலை, தானா சிரிப்பு வந்துச்சு. அதுக்கு முந்தி அஞ்சாறு வாரம் யாரைப் பார்த்தும் சிரிக்கத் தோணலைன்னா, அது என் மனசோட கோளாறா?

"கல்லூரி என்ன ட்ராவல் ஏஜென்சியா, 20 வயசுப் பையனுக்கு இதெல்லாம் பார்த்துக்கத் தெரியாதா"ன்னு ஒரு பின்னூட்டம் வரும், தெரியும். தெரியும்ங்க, பார்த்துக்கிட்டோம். ஆனா பையன் பார்த்துக்கறதுக்குத்தான் அந்த மெயில். அது உங்க மேஜையில தூங்கினா அவன் எதைப் பார்த்துப்பான்? கையெழுத்து போடறப்போ போட்டோவுக்கு நிக்கிறீங்கல்ல, மெயில் வர்றப்பவும் அதே நாற்காலியில இருங்க.

திரும்பி வந்த கதை இன்னும் கொடுமை. அங்கே வகுப்பு அக்டோபர் நடுவுல ஆரம்பிச்சு பிப்ரவரியில பரீட்சை. இங்கே அடுத்த செமஸ்டர் ஜனவரியிலேயே ஆரம்பம். கையெழுத்து போட்டவங்க யாரும் காலண்டரை எடுத்துப் பார்க்கலை போல, எனக்கு அட்டெண்டன்ஸ் குறைவுன்னு அபராதம். மார்க் ஷீட்டைக் குடுத்தா ஆபீஸ்ல கண்ணாடியை இறக்கிப் பார்த்துட்டு, "1.3ஆ? எல்லாம் ஃபெயிலாப்பா?" அங்கே 1.0தான் முதல் மார்க், 4.0 வந்தா பாஸ்னு புரிய வெக்க நாலு நாள் ஆச்சு :-)

இப்போ அக்கா பையன் முறை. 2024 செப்டம்பர்ல நிர்ணயிச்ச கணக்குப்படி மாசத்துக்கு 992 யூரோ முன்கூட்டியே கட்டணும், ஆறு மாசத்துக்குன்னா 5,952. அக்கா வளையல் அடகுக் கடைக்குப் போயாச்சு. அந்தப் பணம் டார்மிட்டரி மேல் படுக்கைக்குக் கரையறதை நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.

திங்கக்கிழமை அவனோட அந்த ஆபீசுக்குப் போறேன். விடுதி விண்ணப்பம் பத்தி ஜெர்மனியில இருந்து மெயில் வந்ததா, என்னைக்கு வந்தது, யார் கிட்ட இருக்கு? இதுக்குப் பதில் வாங்காம எழுந்திரிக்கப் போறதில்லை. மத்தியானம் ஆனாலும் சரி, டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போறேன்.

"குக்கர் எடுத்துட்டுப் போகட்டுமா மாமா"ன்னு கேட்டான். அடுப்பு எங்கேன்னு தெரிஞ்சப்புறம் சொல்றேன்டான்னுட்டேன்.