மாநிறத்துக்கு மருந்து எதற்கு?

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு ரயிலடியிலேயே ஒரு வரவேற்பு காத்திருக்கும். "என்னடி, இப்படிக் கறுத்துட்டே!" என்பதுதான் அது. பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே நம் குழந்தைகளின் முகத்தை அளந்து விடுவார்கள். இருபத்தெட்டு வருடமாக நானும் அதைக் கேட்டுச் சிரித்து மழுப்பி வந்தவள்தான். என் மகள் சிரித்து மழுப்பவில்லை, மனதில் போட்டு வைத்துக்கொண்டாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அவள் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், ஊரில் ஒரு உறவுக் கல்யாணம். அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் முகம் திடீரென்று பளபளக்க ஆரம்பித்தது. கேட்டதற்கு, "ஃப்ரெண்ட் சொன்ன க்ரீம்மா" என்றாள். எங்கள் பேட்டை மருந்துக் கடையில், டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமலே கொடுத்தார்களாம். கல்யாண வீட்டில் "பொண்ணு கலராயிட்டாளே!" என்று ஆளுக்கு ஆள் மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

மூன்றாம் மாதம் கன்னங்கள் சிவந்து எரிய ஆரம்பித்தன. மோவாயில் பரு, கன்ன ஓரத்தில் பூனை முடி. வெயிலில் நின்றால் கண்ணில் நீர் வரும் அளவுக்கு எரிச்சல். க்ரீமை நிறுத்தினால் முகம் இன்னும் தடித்தது, மறுபடி போட்டால் அடங்கியது. பயந்துபோய்த் தோல் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு ஓடினேன். அவர் ட்யூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அழகு சாதனம் இல்லை, மருந்து" என்றார்.

அதில் இருந்தவை மூன்று: மோமெடாசோன் என்கிற ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின். மங்கு போன்ற கோளாறுகளுக்கு, டாக்டர் மேற்பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும் தருவது. ஸ்டீராய்டு முதலில் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கி, நிறத்தையும் வெளுக்க வைப்பதால் முகம் பளிச்சென்று தெரியும். நாளாக ஆகத் தோல் மெலிந்து, அடியிலுள்ள ரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். பருவும் ரோமமும் வரும். நிறுத்தினால் சீறும். நம் நாட்டில் இதே கோலத்தில் வருகிற முகங்கள் ஏராளம் என்பதால், தோல் டாக்டர்கள் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு பூச்சு மருந்துகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'ஷெட்யூல் எச்' பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. எங்கள் பேட்டைக் கடைக்காரருக்குத்தான் அது எட்டவில்லை.

மகள் முகம் தேற எட்டு மாதம் ஆயிற்று. அந்த நாட்களில் ஒரு ராத்திரி அவள் கேட்டாள்: "எல்லாரும் கறுப்புன்னு சொல்லும்போது, நீயாவது 'அதனால என்ன'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?" எனக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

நான் சொல்ல வந்தது இதுதான்: முகத்தைப் பேணுவது வேறு, நிறத்தை மாற்றுவது வேறு. முதலாவதற்குச் செலவு அதிகமில்லை. இரண்டாவதற்குத் தோலையே விலையாகக் கொடுக்க வேண்டி வரும்.

பேணுவதிலும் நாம் ஒரு தப்புச் செய்கிறோம். ஊரில் அம்மா செய்ததையே இங்கேயும் செய்கிறோம். சென்னையின் ஈரக் காற்றில் வியர்த்து எண்ணெய் வழியும் முகத்துக்குக் கடலை மாவு இதமாக இருக்கும். தில்லியில் ஜனவரி ராத்திரி ஏழு, எட்டு டிகிரிக்கு இறங்கும்போது, ஹீட்டர் போட்ட அறையில் காய்ந்து கிடக்கும் கன்னத்தில் அதே மாவை எலுமிச்சம்பழச் சாறு விட்டுத் தேய்த்தால் என்ன ஆகும்? நான் தேய்த்திருக்கிறேன். வெள்ளை வெள்ளையாக உரிந்தது. எலுமிச்சைச் சாறு கடும் அமிலம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் புண்ணாகி, அந்த இடம் முன்னைவிடக் கறுக்கும்.

ஆகவே முதலில் அவரவர் தோல் எந்த வகை என்று பார்க்க வேண்டும். முகத்தை மிதமான ஃபேஸ் வாஷால் கழுவித் துடைத்து, எதுவும் தடவாமல் ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். முகம் முழுக்க மினுமினுத்தால் எண்ணெய்த் தோல். இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்ட தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கி, கன்னம் காய்ந்திருந்தால் இரண்டும் கலந்தது. எதைப் போட்டாலும் எரிந்து சிவக்கிற முகம் சென்சிடிவ் தோல். ஒரே வீட்டில் நான்கும் இருக்கலாம். ஒரே டப்பாவை வீடு முழுக்கப் பங்கு போடுவது அதனால்தான் சரிவராது.

எண்ணெய்த் தோலுக்குக் காலையும் மாலையும் ஃபேஸ் வாஷ், பிறகு ஜெல் போன்ற லேசான மாயிஸ்சரைசர். எண்ணெய் வழிகிறதே என்று அதைத் தவிர்க்கக் கூடாது, பத்துத் தரம் கழுவவும் கூடாது. பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துவாரங்களை அடைக்கும். வறண்ட தோலுக்கு நுரைக்கிற சோப்பு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் காயும் முன்பே கிளிசரின் அல்லது செராமைட் கலந்த க்ரீம் தடவ வேண்டும். கலந்த தோலுக்கு நடுவில் லேசாகவும் கன்னத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் தடவினால் போதும். சென்சிடிவ் தோலுக்கு வாசனை சேர்க்காததாக, எண்ணிக்கையில் குறைவாக. எந்தப் புதுச் சாமானையும் முதலில் முன்கையின் உட்புறம் ஒரு சிறு இடத்தில் சில நாட்கள் தடவிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

எல்லா வகைக்கும் பொதுவானது ஒன்று உண்டு. காலையில் வெளியே கிளம்பும் முன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணிக்கு ஒரு தரம் மறுபடியும். "நம்ம நிறத்துக்கு அது எதற்கு?" என்பார்கள். நம் தோலுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடுதல் என்பது உண்மை. ஆனால் மங்கும் பருத் தழும்பும் வெயில் பட்டால் இன்னும் கறுத்து, மாதக்கணக்கில் மறையாமல் நிற்பதும் நம் தோலில்தான். கழுவுவது, ஈரம் காப்பது, வெயிலைத் தடுப்பது என்ற மூன்றுக்கு மேல் பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. இதற்குமேல் பரு, மங்கு, அரிப்பு என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டுமே தவிர, மருந்துக் கடைக்காரரை அல்ல. இப்போது வீட்டில் யாராவது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கிய வெளுக்கும் க்ரீமை மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால், திடீரென நிறுத்தாமல் ட்யூபையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

1975 முதல் 'ஃபேர்' என்ற சொல்லோடு வந்துகொண்டிருந்த பிரபலமான க்ரீமே 2020-ல் அந்தச் சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. டப்பாவிலிருந்து போன சொல் நம் வாயிலிருந்து மட்டும் இன்னும் போகவில்லை. பொங்கல் விழாவில் ஆடி முடித்து மேடையிலிருந்து இறங்குகிற குழந்தையிடம், "நல்லா ஆடினே, ஆனா கொஞ்சம் நிறம் மட்டு" என்று சொல்கிறவர்கள் நம் சங்கத்திலேயே உண்டு. யார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மகளிர் கூட்டத்தில் கோலப் போட்டியோடு ஒரு தோல் டாக்டரையும் அழைத்து அரை மணி நேரம் பேச வையுங்கள். வீட்டில் உள்ள க்ரீம்களை எல்லாரும் பையில் போட்டுக் கொண்டு வரட்டும். எது பூச்சு, எது மருந்து என்று அவர் பிரித்துச் சொல்லட்டும்.

இந்த வருடம் ஊருக்குப் போனபோதும் ரயிலடியில் அதே வரவேற்புத்தான். "கறுத்துட்டாளே!" என்றார் என் பெரிய நாத்தனார். "அவ நிறமே அதுதான் அண்ணி, நல்லாத்தானே இருக்கா" என்றேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.